பத்து மணிப் புகை

ஜூலை 16

மூச்சைப் பற்றித் தினமும் எழுதச் சொல்லிவிட்டார் நெஞ்சு மருத்துவர். காலையில் எத்தனை தரம் இருமினேன், படி ஏறும்போது எங்கே நின்றேன், சளி என்ன நிறம். அறுபத்தேழு வயதில் சளியின் நிறத்தை எழுதிவைக்க வேண்டுமாம். இந்த ரொறன்ரோ நகரத்தில் கொட்டுகிற பனிக்குள்ளும் பஸ் ஓட்டியவன் நான். அப்போது என் சளியை யாரும் விசாரிக்கவில்லை.

சரி, எழுதுகிறேன். இருமல்: இல்லை.

மூன்றாம் மாடிக்குப் படியால் வந்தேன். இரண்டாம் மாடியில் கொஞ்ச நேரம் நின்றது மூச்சுக்காக அல்ல. சுவரில் யாரோ விளம்பரம் ஒட்டியிருந்தார்கள், காணாமற்போன பூனையைத் தேடி. அதை வாசித்தேன். ஆறுதலாக, இரண்டு தரம் வாசித்தேன்.

மத்தியானம் மகளோடு சண்டை. சங்கவி நாட்டின் மற்றப் பக்கத்தில், கம்லூப்ஸில் இருக்கிறாள். இங்கிருந்து ஐந்து மணித்தியால விமானப் பயணம். ஓகஸ்ட் கடைசியில் அவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. பதினைந்தாம் திகதிக்கு நான் பயணச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். இன்று சொல்கிறாள்:

“அப்பா, ரிக்கெற்றை நிப்பாட்டுங்கோ. இஞ்ச மலை எரியுது. இந்தப் புகைக்குள்ள நீங்கள் வரக்கூடாது.”

“நான் வராட்டி பிள்ளை பெத்த உடம்புக்கு ஆர் உனக்குச் சரக்குத் தண்ணி வைக்கிறது?”

“மயூரதன் வைப்பார். வீடியோ பாத்து.”

“வீடியோ பாத்தோ? உன்ர அம்மா இருந்தா அவவையும் வராதேங்கோ எண்டு சொல்லியிருப்பியோ?”

அவள் போனை வைத்துவிட்டாள். நானும் வைத்தேன், ஆனால் அவள் வைத்த பிறகு.

என் மனைவி தவமலர் போய் இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “சங்கவிக்குப் பிள்ளை பிறக்கேக்க நீங்கள் பக்கத்தில நிக்கவேணும். நான் செய்யிறதெல்லாம் நீங்கள் செய்யவேணும்.” ஓம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவள் கேட்டதற்கு நான் எப்போது இல்லை என்றிருக்கிறேன்.

ஜூலை 18

இருமல்: இல்லை.

ஒரு புது விஷயம் கண்டுபிடித்தேன். செயற்கைக்கோள் மேலே நின்று எடுக்கிற படத்தை யார் வேண்டுமானாலும் கணினியில் பார்க்கலாம். பகல் முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வருகிறது. நெருப்பு உள்ள இடம் சிவப்புப் புள்ளி. அங்கிருந்து புகை எங்கே போகிறது என்று அப்படியே தெரிகிறது. கம்லூப்ஸுக்கு மேற்கே ஒன்பது சிவப்புப் புள்ளிகள். புகை கிழக்கே வருகிறது, நடுவில் எங்கும் நிற்காத விரைவுப் பேருந்து போல.

மகள் என்னோடு கதைக்காவிட்டால் பரவாயில்லை. வீட்டுக்கு மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 20

மருமகனுக்குப் போன் எடுத்தேன். மயூரதன் பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல பெடியன், சத்தம் போடத் தெரியாதவன். நான் சொன்னேன், “தம்பி, இனி நான் ஒவ்வொரு நாளும் சொல்லுவன். எப்ப யன்னல் பூட்டுறது, எப்ப திறக்கிறது, எப்ப அவ நடக்கப் போகலாம். நான் சொல்லுறபடி செய்யுங்கோ.”

“ஓம் மாமா.”

“நான் சொன்னனான் எண்டு அவவுக்குச் சொல்லத் தேவையில்லை.”

“ஓம் மாமா,” என்றவன் உடனே அந்தப் பக்கம் திரும்பி, “அப்பா யன்னல் பூட்டச் சொல்லுறார்,” என்றான். இவனை வைத்துக்கொண்டு ஒரு ரகசியமும் காக்க முடியாது.

ஜூலை 24

பெரிய பிழை விட்டுவிட்டேன். காலையில் படத்தில் கம்லூப்ஸ் முழுவதும் வெள்ளையாக மூடிக்கிடந்தது. ஐயோ என்று போன் எடுத்து எல்லா யன்னலையும் பூட்டச் சொன்னேன். கதவிடுக்கில் ஈரத் துவாய் வைக்கச் சொன்னேன். மூன்று மணித்தியாலம் அந்த வெக்கையில் வயிற்றுப் பிள்ளைக்காரியை உள்ளே வைத்து அவித்துவிட்டேன். பிறகு மயூரதன் எடுத்தான்.

“மாமா, இஞ்ச மழை தூறுது.”

“என்ன?”

“நீங்கள் பாத்தது மேகம் மாமா. சங்கவி விழுந்து விழுந்து சிரிக்கிறா.”

சிரித்தாளாம். நன்றாகச் சிரித்தாளா என்று கேட்டேன். நன்றாகச் சிரித்தாளாம். அதனால் இந்தப் பிழையை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஜூலை 25

இனிப் பிழை வராது. நேற்று முழுவதும் பழைய படங்களைப் பார்த்துப் படித்தேன். மேகத்துக்கு விளிம்பு உண்டு, கீழே அதன் நிழல் விழும். புகைக்கு விளிம்பு இல்லை. அழுக்குப் பால் நிறம். அதனூடாகக் கீழே இருக்கிற ஏரி மங்கலாகத் தெரியும். ஏரி தெரிந்தால் புகை, ஏரி மறைந்தால் மேகம். புகை மிகவும் தடித்தால் ஏரியும் மறையும், அப்போது நிறத்தைப் பார்க்கவேண்டும்.

இருமல்: இல்லை. சொல்லும்படியாக இல்லை.

ஜூலை 28

இன்னொரு சிக்கல். மேலிருந்து பார்த்தால் புகை இருக்கிறது. ஆனால் அது உயரத்தில் போகிறதா, வீட்டு வாசலுக்கு இறங்கிவிட்டதா என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. மயூரதனிடம் சொல்லி காற்றின் தூசியை அளக்கிற இரண்டு பெட்டிகள் வாங்குவித்தேன். ஒன்று பல்கனியில், ஒன்று வீட்டுக்குள்ளே. உள்ளங்கை அளவுதான். அது அளப்பதெல்லாம் வரைபடத்தில் வட்டமாக வரும், எங்கிருந்தும் பார்க்கலாம். பச்சை நல்லது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என்று ஏற ஏறக் கூடாது.

இப்போது வரைபடத்தில் என் மகளின் வீடு இரண்டு சின்ன வட்டங்களாக இருக்கிறது. இரண்டும் பச்சை. தேத்தண்ணியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30

வெளி வட்டம் ஊதா. உள் வட்டம் செம்மஞ்சள்.

ஜூலை 31

இன்னும் ஊதா. போன் எடுத்தேன். அங்கே பகலில் விளக்குப் போட்டிருக்கிறார்களாம், வானம் அவ்வளவு இருட்டு. ஊரை விட்டு வெளியேறச் சொல்லவில்லை, நெருப்புத் தூரத்தில்தான். காற்றைச் சுத்தமாக்கும் இயந்திரத்தைப் படுக்கையறையில் வைத்து, அவளை அங்கேயே இருக்கச் சொன்னேன். பின்னால் அவளுடைய குரல் கேட்டது.

“அப்பா சாப்பிட்டவரோ எண்டு கேளுங்கோ.”

“மாமா, சாப்பிட்டீங்களோ?”

“சாப்பிட்டன் எண்டு சொல்லு. அவவை வடிவாய்ச் சாப்பிடச் சொல்லு.”

“வடிவாய்ச் சாப்பிடட்டாம்.”

இரண்டு பேரும் ஒரே போனில்தான் இருந்தோம். ஆனால் நடுவில் மயூரதன் நின்று அஞ்சல் செய்தான். பாவம் பெடியன்.

ஓகஸ்ட் 1

மகள் வராதே என்றால் நான் விட்டுவிடுவேனா. பயணச்சீட்டை நான் நிப்பாட்டவில்லை. பக்கத்து வீட்டுப் புஸ்பராணி அக்காவிடம் சரக்கு அரைக்கப் பழகுகிறேன். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி. அவவுக்கு எழுபத்து நாலு வயது, ஐந்து பிள்ளை பெற்றவ, வாயும் அதற்கேற்ற மாதிரி.

“தம்பி, இது பஸ் ஸ்டியரிங் இல்லை. எப்பன் மெதுவா,” என்றா.

நான் ஒருநாளும் இவற்றையெல்லாம் பார்த்ததில்லை. சங்கவி பிறந்தபோது எனக்கு விடியற்காலை வேலை. பின்னேரம் வந்தால் குளித்து, பொட்டு வைத்து, சாம்பிராணி மணக்க மணக்கப் பிள்ளை நித்திரையாய்க் கிடக்கும். வீட்டில் பூசை நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் படுத்துவிடுவேன்.

தவமலர் பேரப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த பெட்டியைப் போன மாதமே சங்கவிக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். பருத்திச் சட்டைகள், வசம்பு வளையல், ஊரிலிருந்து வந்த சாம்பிராணிக் கட்டி. உள்ளே என்ன எதற்கென்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ஓகஸ்ட் 2

புகை இங்கேயும் வந்துவிட்டது. நாலு நாளாகப் படத்தில் அது சமவெளியைக் கடந்து வருவதைப் பார்த்தபடிதான் இருந்தேன். இன்று காலை யன்னலைத் திறந்தால் சூரியன் செம்பருத்திப் பூ நிறத்தில் இருக்கிறது. மகள் வீட்டு மலையில் எரிந்த மரத்தின் புகை, என் வீட்டு யன்னலுக்கு வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் அதைப் பூட்ட மனம் வரவில்லை.

அந்த நேரம் மயூரதனிடமிருந்து குறுஞ்செய்தி: “மாமா, உங்கட பக்கம் சிவப்பு. யன்னலைப் பூட்டட்டாம். வெளிய போகவேண்டாமாம். இன்ஹேலரைக் கையில வச்சிருக்கட்டாம். சங்கவி.”

என் பக்கம் சிவப்பென்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளும் அதே படத்தைத்தான் பார்க்கிறாள். நான் கம்லூப்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் நான் இருக்கிற ஸ்காபரோவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. கண் எரிந்தது. புகைக்கு எல்லாருக்கும் எரியும்.

முருங்கை இலை வாங்கவேண்டி இருந்ததால் வெளியே போனேன். திரும்பி வரும்போது பஸ் தரிப்பில் சற்று இருந்தேன். இருமல்: புகை வந்தால் எல்லாரும் இருமுவார்கள். தரிப்பில் நின்ற சீனப் பெண்மணி தண்ணீர்ப் போத்தல் தந்தா.

ஓகஸ்ட் 4

மயூரதன் போன் எடுக்கவில்லை. வெளி வட்டம் ஊதா.

ஓகஸ்ட் 5

இன்றும் எடுக்கவில்லை. பின்னேரம் குறுஞ்செய்தி மட்டும்: “எல்லாம் ஓகே மாமா. நெற்வேர்க் சரியில்லை.” நெற்வேர்க் சரியில்லை என்ற செய்தி நெற்வேர்க்கில்தானே வந்தது?

உள் வட்டம் இரண்டு நாளாகப் பச்சை. யாரும் சமைக்கவில்லை, யாரும் கதவு திறக்கவில்லை என்று அர்த்தம். வீட்டில் ஆளில்லாத மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஓகஸ்ட் 9

மழை. உண்மையான மழை, நிழல் விழுகிற மேகம். சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. மயூரதன் எடுத்தான். நித்திரை கொள்ளாதவன் குரல். “நல்லாயிருக்கிறா மாமா, படுத்திருக்கிறா,” என்றான். படுத்திருக்கட்டும் என்றேன்.

அங்கே மழை, இங்கே நான் தனியே இருந்து கைதட்டினேன்.

ஓகஸ்ட் 12

வானம் துடைத்து வைத்தமாதிரி இருக்கிறது. படத்தில் ஏரி, மலை, ரோட்டுகூடத் தெரிகிறது. வெளி வட்டம் பச்சை. ஆனால் அவர்களுடைய நேரம் காலை பத்து மணிக்கு உள் வட்டம் திடீரென்று சிவந்துவிட்டது. கால் மணித்தியாலம் நின்று பிறகு இறங்கியது. காலைச் சாப்பாட்டுக்கு வாட்டிய பாண் கருகியிருக்கும்.

ஓகஸ்ட் 13

மறுபடியும் பத்து மணி. மறுபடியும் சிவப்பு. வெளியே சுத்தமான காற்று, வீட்டுக்குள்ளே புகை! ஒரு மாதம் வானத்தைக் காவல் காத்தேன், இவர்கள் உள்ளே என்னத்தைப் போட்டு எரிக்கிறார்கள்? போன் எடுத்தேன்.

“என்ன தம்பி எரிக்கிறியள்?”

“அது... சமையல் மாமா.”

“பத்து மணிக்கு என்ன சமையல்?”

“பொரியல் மாமா.”

“வயித்துப் பிள்ளைக்காரிக்குப் பொரியலோ? விசரே உங்களுக்கு?”

அப்போது பின்னால் ஏதோ மெல்லிய சத்தம் கேட்டது, பூனைக்குட்டி மாதிரி. “உதென்ன சத்தம்? பூனை வளக்கிறியளோ?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “ஓம் மாமா, பக்கத்து வீட்டுப் பூனை,” என்றான். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் பூனையை விடக்கூடாது, மயிர் மூச்சுக்குள் போகும் என்று ஒரு பாட்டம் ஏசிவிட்டு வைத்தேன்.

ஓகஸ்ட் 14

இன்றும் சிவந்தது. அரைக்கப் பழக இரவல் வாங்கிய சின்ன அம்மியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது புஸ்பராணி அக்காவிடம் சொல்லி ஆத்திரப்பட்டேன். போனைக் காட்டினேன். வட்டத்தையும் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா.

“ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கோ?”

“ஓம் அக்கா.”

“கனநேரம் நிக்குமோ?”

“இல்லை, கால் மணித்தியாலம்.”

“பேந்து பூனைச் சத்தமும் கேட்டதெண்டுறியள்.”

“ஓம்.”

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

“தம்பி, உது பொரியல் இல்லை. பிள்ளையைக் குளிக்க வாத்து, தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்கினம். உங்கட மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுது.”

நான் அம்மியைக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. அக்கா பிறகு சொன்னா, தன்னுடைய சோபாவின் மேல் வைத்தேனாம்.

வீட்டுக்கு வந்து போன் எடுத்தேன். மயூரதனுக்கு இல்லை, அவளுக்கு. ஒரு மாதத்துக்குப் பிறகு. உடனே எடுத்தாள்.

“அப்பா.”

“பொம்பிளைப் பிள்ளையோ, ஆம்பிளைப் பிள்ளையோ?”

“பொம்பிளைப் பிள்ளை,” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

மூன்றாம் திகதியே பிறந்துவிட்டாளாம். நாள் வருவதற்கு முன்னமே, அந்த ஊதா நிறத்துக்குள்ளே. சின்னப் பிள்ளையாம், சில நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களாம். இப்போது பால் குடிக்கிறாளாம், சுகமாம்.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்ல?”

“சொன்னா அண்டைக்கே ஏறியிருப்பியள். இஞ்ச மூச்சு விடேலாமல் கிடந்தது. உங்கட நெஞ்சு இருக்கிற இருப்புக்கு...” நிறுத்தினாள். “அம்மாவின்ர கடைசிக்கு நான் ஒரு நாள் பிந்தி வந்தன் அப்பா. உங்களையும் விட்டிட்டு நான் என்ன செய்யிறது?”

ஒரு மாதமாக நான் வேண்டாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

“வாயால சொல்லக்கூடாது எண்டு மயூரதனிட்டச் சத்தியம் வாங்கினனான்,” என்றாள். “பிறகு எனக்கே ஏலாமப் போச்சு. சாம்பிராணியைக் காத்தளக்கிற அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில கொண்டுபோய் வச்சன். நீங்கள் பாத்துக்கொண்டிருப்பியள் எண்டு தெரியும்.”

“மூண்டு நாளோ! நான் பொரியல் எண்டெல்லோ நினைச்சன்.”

அழுதுகொண்டே சிரித்தாள். அதன் பிறகுதான் எனக்குச் சுரணை வந்தது.

“அதுசரி, பிறந்த பிள்ளைக்குப் புகையோ? ஒரு மாதமாய் யன்னல் பூட்டி வச்சது இதுக்கோ? நாளையிலயிருந்து சாம்பிராணி கிடையாது.”

“அம்மாவின்ர சாம்பிராணி அப்பா.”

“ஆரின்ர எண்டாலும், அந்தப் பெட்டி சிவக்குது.”

கடைசியில் ஒப்பந்தம் செய்தோம். அவள் சாம்பிராணியை நிறுத்துவாள். நான் நாளைய விமானத்தை விட்டுவிட்டு, முதலில் நெஞ்சு மருத்துவரிடம் போவேன். அவர் ஓம் என்றால், படத்தில் ஒரு வாரம் ஏரி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் ஏறுவேன். இருமலை ஒளிக்காமல் எழுதுவேன். கடைசிக் கட்டளை அவளுடையது.

“எழுதிறன்தானே,” என்றேன்.

“என்ன எழுதிறியள்?”

“இல்லை எண்டு எழுதிறன்.”

ஓகஸ்ட் 16

மருத்துவரிடம் இந்தக் கொப்பியைக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, நான் வாசித்துக் காட்டவேண்டி வந்தது. இது புகையின் நாட்குறிப்பு, உங்களுடையது எங்கே என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் மாடிப் பூனை விளம்பரத்தையும், சீனப் பெண்மணியின் தண்ணீரையும், ஒவ்வொரு நாள் காலையும் குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு இருமுவதையும். புது இன்ஹேலர் தந்தார். போகலாம், ஆனால் வானம் தெளிந்திருக்கவேண்டும் என்றார். அதை என்னிடமா சொல்வது.

ஓகஸ்ட் 23

ஏரி தெரிகிறது. இந்த வாரம் முழுவதும் தெரிந்தது. புஸ்பராணி அக்காவின் போனில் வரைபடத்தை ஏற்றி, எந்த வட்டம் சங்கவி வீடு என்று காட்டிக்கொடுத்தேன். நாளை விமானம்.

ஓகஸ்ட் 26, கம்லூப்ஸ்

வந்து இரண்டு நாளாகிறது. எழுத நேரமில்லை. சரக்குத் தண்ணியில் உப்புக் கூடிவிட்டது, ஆனாலும் மகள் குடித்தாள். மயூரதன் ருசி பார்த்துவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டான்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. முப்பத்தோராம் நாள்தான் வைப்பார்களாம். தலையில் மயிர் நிறைய, தவமலரின் நெற்றி. என் ஒற்றைக் கைக்குள் அடங்குகிறாள்.

சாம்பிராணிக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பல்கனியில் ஒரு நுள்ளுத் தணலில் போட்டு, துவாயை மட்டும் அதில் பிடித்தேன். நன்றாக உதறி, புகையெல்லாம் போனபிறகு உள்ளே கொண்டுவந்து பிள்ளையின் தலையைத் துடைத்தோம். மணம் வந்தது, புகை வரவில்லை. உள் வட்டம் பச்சையாகவே இருந்தது. வெளி வட்டம் மட்டும் சற்றுச் சிவந்தது. உடனே ஸ்காபரோவிலிருந்து அக்கா எடுத்தா. “சிவந்திட்டுது தம்பி. பிள்ளை குளிச்சிட்டாள் போல,” என்றா.

சங்கவி குனிந்து பிள்ளையின் தலையை மணந்தாள். கொஞ்ச நேரம் நிமிரவில்லை. “அம்மா மணக்குது,” என்றாள். பிறகு பிள்ளையை என்னிடம் தந்தாள். நானும் மணந்தேன். சங்கவி பிறந்த புதிதில், பின்னேரம் வேலையால் வந்ததும் வீட்டில் வீசிய அதே மணம்.

இருமல்: காலையில் இரண்டு தரம். பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது ஒரு தரம், நெடுநேரம். வருகிறதென்று தெரிந்ததும் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போகப் பார்த்தேன். சங்கவி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

“எங்கையும் போகாதேங்கோ அப்பா. இஞ்சயே இருந்து இருமுங்கோ.”

இருந்து இருமினேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.